புதுக்கரையில் ஒரு வேளைச் சோறு

"தாணையம் வந்த அன்னைக்கு எங்கம்மா பழைய உலைப்பானையை எடுத்து வச்சிட்டுப் பெரிசா ஒண்ணு ஏத்தினா…" என்று பிச்சையாவின் பெரியப்பா பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ சொல்வார். அது என்ன என்று எவ்வளவு யோசித்தும் பிச்சையாவுக்கு நினைவு வரவில்லை.

பிச்சையா மடத்தில் சேரும்போதே நாற்பதைத் தாண்டியவர். தமிழும் வடமொழியும் படித்தவர். அவருடைய ஊரான மேலச்செவ்வலிலிருந்து இரண்டு பெரியவர்கள் அன்று காலை அவரைத் தேடி வந்திருந்தார்கள். கொள்ளைக்காரர்கள் மறுபடியும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கப் போன ஒருவனை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஊரில் ஒரு தாணையம் வைக்கிறேன் என்று ராஜா சொல்லி அனுப்பியிருந்தார். வீரர்கள் ஊரிலேயே தங்கிக் காவல் காப்பார்கள். வீட்டுக்கு ஒருவனாகப் பிரித்துக்கொண்டு ஊர் அவர்களுக்குச் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிச்சையா சொல்ல வேண்டும். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"விருந்தாளிக்குப் போடாத சோறா?" என்று சிரித்தார் வந்தவர்களில் ஒருவர். நம்ம உப்பைத் தின்கிறவன் நம்ம மாட்டைக் காக்காமல் இருப்பானா என்றார் மற்றவர். பிச்சையாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அவர்களை உட்கார வைத்தார்.

குரு கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, தாணையம் என்றால் என்ன பொருள்?"

"உமக்குத் தெரியாததா?"

பிச்சையா தெரிந்ததைச் சொன்னார். இடத்தைக் குறிக்கும் ஸ்தானம் என்ற வடசொல்லின் வழியில் வந்தது. போகிற படை வேறு, ஓரிடத்தில் நிற்கிற படை வேறு. நிற்கிற படைக்குத்தான் தாணையம் என்று பெயர். நிலைப்படை என்றாலும் தப்பில்லை.

குரு கடைசிவரை கேட்டார்.

"யாருடைய இடம்?"

குரு தண்ணீரோடு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.

"புதுக்கரையில் ஒரு தாணையம் இருக்கிறது. அங்கே ஏதாவது ஒரு வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாரும்."

புதுக்கரை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பிச்சையா போய்ச் சேரும்போது நல்ல உச்சி வெயில். ஒரு வாசலில் நின்று குரல் கொடுத்தார். சோறு ஆகிவிட்டது சாமி, ஆனால் எங்கள் வீட்டு வீரன் இன்னும் சாப்பிட வரவில்லை, அதற்கு முன்னால் பானையைத் திறக்கக் கூடாது என்றாள் அந்த வீட்டுப் பெண். அடுத்த வீட்டிலும் அதே பதில். பெரியப்பா சொல்லும் பெரிய உலைப்பானை பிச்சையாவுக்கு நினைவு வந்தது. உள்ளே ஒரு குழந்தை பசிக்கு அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

அதற்கடுத்த வீட்டில் வீரன் வந்திருந்தான். கூடத்தின் நடுவில் இலை போட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். தலை நரைத்த அவர் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியதும் வீரன் நிமிர்ந்து பார்த்தான்.

சுடலை. பிச்சையாவின் தம்பி. மேற்கு எல்லையில் சண்டையில் இருக்கிறான் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது. அவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோகிறாள்.

"அண்ணே, நீயா?"

எச்சில் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று கேட்டான். செவலைப் பசு கன்று போட்டதா என்று கேட்டான். இவன் மாறவே இல்லை என்று பிச்சையா நினைத்தார். அப்போது சுடலை உள்பக்கம் திரும்பினான்.

"ஏளா, எங்கண்ணனுக்கும் ஒரு இலை போடு. நேத்து மாதிரி ஆறின சோத்தக் கொண்டாந்தே, அப்புறம் தெரியும்."

அம்மா வயது இருக்கும் அவளுக்கு. சுடலை கையைக்கூட அசைக்கவில்லை. அவளுடைய கை தானாக எழுந்து கன்னத்தை மறைத்துக்கொண்டது.

பிச்சையா இலைமுன் உட்கார்ந்தார். சோறு சூடாக இருந்தது. சுடலை சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டு சாப்பிட்டான். நம் ஊரிலும் தாணையம் வைக்கப் போகிறார்களாம், நீ அங்கே மாற்றிக் கேட்டு வந்துவிடேன் என்று பிச்சையா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சொந்த ஊர்ல யாரையும் நிறுத்த மாட்டாவண்ணே. சொந்த ஊர்ல எவன் கை ஓங்குவான்? இந்த ஊர்ப் பயலுவளத்தான் அங்க அனுப்புவாவ. இந்த வீட்டுப் பையன்கூடப் படையிலதான் இருக்கான்."

சுவரோரம் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சுடலை கை கழுவப் பின்கட்டுக்குப் போனான். பிச்சையா எழுந்து வாசலுக்கு வந்தார். அந்த அம்மா பின்னாலேயே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"சாமி, எம்மவன் உங்க ஊருக்கு வந்தான்னா, வயிறு நெறையப் போடச் சொல்லுங்க. உங்க தம்பிக்கு நாங்க ஒரு கொறையும் வைக்கல."

மடத்துக்கு வந்தபோது குரு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிட்டீரா?"

"ஐயா, அங்கே இலைமுன் உட்கார்ந்திருந்தது என் தம்பி."

"மேலச்செவ்வலில் இருந்தவரைதான் அவன் உம் தம்பி."

பிச்சையா பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அன்றே ஊருக்குப் போனார். தாணையம் வேண்டாம், மாடுகளை நாமே முறை வைத்துக் காப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார். முதல் முறைக்குத் தன் பெயரைக் கொடுத்தார்.