ஆறு ஏசிக்கு ஒரு சாட்சி

நான் எட்டாவதோடு நின்றவள். எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் பெருக்கித் துடைக்கும் அலுவலகத்தைப் பசுமைக் கட்டடமாகப் புதுப்பிக்க ரகோத்தமன் சார் வந்தார். புதுப்பிக்கும் முன்னால் எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று எழுத வேண்டியது அவர் வேலை. பழைய ஏசி ஆறும் நாள் முழுக்க ஓடுவதாக எழுதிவிட்டார். முன்னால் ஆனது பெரிதாகத் தெரிந்தால்தானே, பின்னால் அவர் மிச்சம் பிடித்ததும் பெரிதாகத் தெரியும்!

தினமும் அங்கேயே கிடப்பவள் என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"கையெழுத்துப் போடு சிந்தாமணி. இல்லேன்னா நாளைக்கு வேற ஆள் வருவா."

மேலாளர் தமிழரசி அம்மாவும் பக்கத்தில் நின்றார்.

"போடறேன் சார். ஒரே ஒரு பயம். ஏசியில சொட்டற தண்ணியப் புடிச்சுத்தான் தரை துடைக்கிறேன். ஆறுக்கும் வாளி வெச்சிருக்கேன், ரெண்டுதான் நிறையுது. மீதி நாலு வாளித் தண்ணிய நான் திருடிட்டேன்னு சொல்லிட்டா?"

"தண்ணியப் பத்தி யாரும்மா கேக்கப்போறா?"

"நான் கேக்கறேன்" என்றார் தமிழரசி அம்மா. அவரே போய் அந்த நான்கு வாளிகளையும் எட்டிப் பார்த்தார். ஒன்றில் பல்லி காய்ந்து கிடந்தது.

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தாளில் நான்கு ஏசியை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். பாவம், அவர் நின்றது ஓடாத ஏசிக்குக் கீழே.

திருத்திய தாளை என்னிடம் நீட்டினார். "முதல்ல நீங்க போடுங்கம்மா" என்று மேலாளரிடம் கொடுத்தேன். அவர் போட்ட பிறகு, அதற்குக் கீழே ஒண்டிக்கொண்டு, சின்னதாக என் பெயரை எழுதினேன்.