சந்தையில் செத்தவர்களின் பேர்கள்

"சாமி, சோதனைச் சாவடியில சிப்பாய்களைச் சுட்டதும் நான்தான். சந்தையில குண்டு வச்சதும் நான்தான். ரெண்டும் ஒரே போருக்காகத்தானே? அதைப் போர்ங்கிறவன் இதை மட்டும் ஏன் பயங்கரவாதம்ங்கிறான்?"

கேட்டவர் வேலழகன். ஒரு காலத்தில் போராளிப் படையின் தளபதி. இப்போது அறுபது தாண்டிவிட்டது. வேறு எந்த வசவையும் தாங்குவார். அந்த ஒரு சொல்தான் பத்து வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. 'இல்லை, அதுவும் போர்தான்' என்று சாமி சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடுவார்.

சாமி அவரைவிட இளைய துறவி. ஆற்றங்கரையில் குடிசை.

"உங்க படையில ஒரு வழக்கம் உண்டாமே?"

"உண்டு சாமி. எதிரியைக் கொன்னவனே அவனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கணும். பேர் சொல்லி இறைக்கணும்."

"இன்னைக்கு அமாவாசைதான். இறங்குங்க."

வேலழகன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். ஆறு சிப்பாய்களின் பேரையும் தடுமாறாமல் சொன்னார். எல்லாம் சட்டையில் தைத்திருந்த பேர்கள். புதைக்கும்போது படித்து வைத்துக்கொண்டவை.

"இனி சந்தையில செத்தவங்களுக்கு," என்றார் சாமி.

எள் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"பேர் தெரியாது சாமி."

"எத்தனை பேர்?"

"பதினொண்ணுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"பேர் போடலையா?"

"போட்டிருந்தான். நான் படிக்கல."

அட பாவி மனுஷா! பதினோரு பேரைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சாமி திட்டவில்லை. "போய்க் கேட்டுக்கிட்டு வாங்க," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேலழகன் சந்தை இருந்த ஊருக்குப் போனார். டீக்கடையில் விசாரித்தார். ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவள் நடுவயதுக்காரி.

"சந்தையில குண்டு வெடிச்சப்போ... இந்த வீட்ல..."

"என் மக," என்றாள். "எதுக்குக் கேக்குறீங்க?"

"எள்ளும் தண்ணியும் இறைக்கணும். பேர் தெரியல."

அவள் கதவை முழுதாகத் திறந்தாள்.

"பூவிழி. ஒன்பது வயசு. கொத்தமல்லி வாங்கிட்டு வான்னு நான்தான் அனுப்பினேன்."

வேலழகன் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அவள் உள்ளே ஓடி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"குடிங்கய்யா. இத்தனை வருஷத்துல அவ பேரைக் கேட்டு யாரும் இந்த வாசலுக்கு வந்ததில்ல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"எனக்கு அடையாளம் தெரியல, மன்னிச்சுக்குங்க. நீங்க அவளுக்கு என்ன முறை ஆகணும்?"