நத்தை இழுத்த கடைசிக் கோடு

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனுஷரும் காற்றும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நத்தையின் ஓடு இப்போது போலச் சுருண்டிருக்கவில்லை. மூங்கில் குழாய் போல நேராக, நீளமாக இருந்தது. அதன் பின்நுனி கூர்மையானது. நத்தை நகர்ந்தால் அந்த நுனி மண்ணில் ஒரு கோடு கிழித்துக்கொண்டே வரும். அப்படி ஒரு நேர்கோட்டை வேறு யாராலும் இழுக்க முடியாது. எலிக்கும் நண்டுக்கும் வளைத் தகராறா, கொக்குக்கும் நாரைக்கும் மீன் பிடிக்கும் இடத்தில் தகராறா, "நத்தையக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அவள் கோடு இழுத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. ஒரு விரற்கடை கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டும், அவள் வேலை அப்படி.

ஒரு வருஷம் கொக்குமடைக் கண்மாய் அடியோடு வற்றியது. வடக்கே கடலில் ஒரே ஒரு மேகம் திரண்டிருப்பதாகச் செய்தி வந்தது. நாட்டாமையாக இருந்த உடும்பு காற்றைக் கூப்பிட்டு, "நேரா நம்ம கண்மாய்க்குக் கொண்டாந்து சேத்துரு. வழியில எங்கயும் திரும்பக் கூடாது" என்றது. காற்றும் சத்தியம் செய்து கொடுத்துவிட்டுப் போனது.

மேகம் வந்து சேரவில்லை. மேற்கே விலகிப் போய், மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டது.

நத்தைக்கு இருந்தது ஒரே பிள்ளை. வெடித்த சேற்றில் படுத்துக்கொண்டு, "மழை வந்துருச்சாம்மா? மழை வந்துருச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் அது கேட்கவில்லை.

நத்தை உட்கார்ந்து அழவில்லை. அளக்கப் போனாள். மேகம் வழிநெடுகச் சிந்திய இடத்திலெல்லாம் புல் முளைத்திருந்தது. வடக்கே கடற்கரையில் தொடங்கிக் கண்மாய் வரைக்கும் அவள் நேர்கோடு இழுத்தாள். நத்தை நடைக்கு அது எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், வயிறெரிந்தவளுக்குத் தூரம் தெரியாது. புல் முளைத்த தடம் அவள் கோட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து மேற்கே போயிருந்தது.

கூட்டம் கூடியது. நத்தை தன் அளவைச் சொன்னாள். உடும்பு காற்றைப் பார்த்தது.

"நான் நேராத்தான் வந்தேன்," என்றது காற்று. "அடியில பூமி திரும்பிக்கிட்டே இருக்கு. நான் வந்து சேர்றதுக்குள்ள கண்மாய் நகந்துருச்சு."

பசித்துக் கிடந்த கூட்டம்கூடச் சிரித்தது. "நகந்துருச்சாம்! நாங்க இங்கேயேதானய்யா உக்காந்திருக்கோம்" என்றது நண்டு. காற்று நத்தையின் பக்கம் திரும்பி, "பொய் சொல்லலக்கா" என்றது.

"எம்பிள்ளை செத்துப்போச்சு," என்றாள் நத்தை.

தீர்ப்பு ஆயிற்று. காற்றை ஆழமான கரையான் புற்றுக்குள் விரட்டி, புற்றின் வாயை நல்ல களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். இனி என்றைக்கும் திறக்கக் கூடாது. களிமண் கேட்டு வர நத்தையையே அனுப்பினார்கள். அவளும் விருப்பத்தோடுதான் போனாள்.

குயத்தி செம்பாயி சக்கரத்தில் ஒரு பானை மூடி செய்துகொண்டிருந்தாள். கோலால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, விரலை நனைத்து, களிமண் வட்டின் நடுவில் வைத்து விளிம்பு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள். சக்கரம் நின்றதும் நத்தை எட்டிப் பார்த்தாள். விரல் போன தடம் வட்டின்மேல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அவள் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு கோட்டை நேரா இழுக்கத் தெரியாதா?"

"நேராத்தானே இழுத்தேன்."

"அப்ப இது ஏன் இப்படிச் சுத்திக்கிட்டுக் கெடக்கு?"

செம்பாயி சிரித்தாள். "சக்கரம் சுத்துதுல்ல? வெரலு என்ன பண்ணும்? இந்த மூடிமேல ஒரு எறும்பு உக்காந்திருந்தா, என் கை கோணலாப் போச்சுன்னுதான் அதுவும் சொல்லும்."

நத்தை அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தான் இழுத்த கோடும், புல் முளைத்த தடமும், பூமி திரும்புகிறது என்று காற்று சொன்னதும், எல்லாரும் சிரித்த சிரிப்பும் நினைவுக்கு வந்தன. அளவு தப்பவில்லை. ஆனால் அளந்தவள் சக்கரத்தின்மேல் இருந்தாள்.

களிமண்ணை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? காற்று குற்றவாளியாக இருக்கும்வரை அவள் பிள்ளையின் சாவுக்கு ஒரு காரணம் இருந்தது, கோபப்பட ஓர் ஆள் இருந்தது. அதையும் விட்டுவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும்? இருந்தும் வெறுங்கையோடு திரும்பிப் போய், எல்லாரையும் செம்பாயி வீட்டு முற்றத்துக்கு அழைத்து வந்தாள். காற்றும் வந்து ஓர் ஓரமாக நின்றது.

செம்பாயி மறுபடி விரலால் இழுத்துக் காட்டினாள். உடும்பு தலையை ஆட்டியது. "மனுசக் கை என்ன வித்தையும் காட்டும். நத்தை, நீ இழு. நீ இழுத்தா நம்புறோம்."

சக்கரத்துக்கு மேலே, அதைத் தொடாமல், மூங்கிலைப் பிளந்த ஒரு பிளாச்சை ஆடாமல் கட்டினார்கள். நத்தை அதன்மேல் ஊர வேண்டும், அவள் ஓட்டின் நுனி கீழே களிமண்ணில் பட வேண்டும். களிமண் வட்டின் விளிம்பில் ஒரு கட்டெறும்பைச் சாட்சிக்கு உட்கார வைத்தார்கள்.

சக்கரம் மெதுவாகச் சுற்றியது. நத்தை நடுவிலிருந்து விளிம்புக்குப் போனாள். கோடு லேசாகத்தான் வளைந்திருந்தது.

"பாவம், பிள்ளை போன துக்கம். உடம்பு நடுங்கியிருக்கும்," என்றது நண்டு.

"வேகமாச் சுத்தும்மா," என்றாள் நத்தை.

செம்பாயி கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "வேண்டாந்தாயீ. உன் ஓடு சுடாத மண்ணாட்டம் இருக்கு. வேகத்துல களிமண்ணு நுனியப் புடிச்சுக்கிச்சுன்னா முறுக்கிரும். அப்புறம் நிமுத்த முடியாது."

"சுத்து."

சக்கரம் பறந்தது. நத்தை மறுபடி நடுவிலிருந்து கிளம்பினாள். களிமண் நுனியைப் பிடித்துக்கொண்டது. ஓடு ஒரு சுற்று முறுகியது. அவள் நிற்கவில்லை. இரண்டாம் சுற்று முறுகியபோது ஓடு நெரியும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "போதும்க்கா, எறங்கிரு அக்கா!" என்று காற்றுதான் கத்தியது. அவள் பிளாச்சை விட்டு இம்மியும் விலகாமல் விளிம்பு வரைக்கும் ஊர்ந்து சேர்ந்தாள்.

"அக்கா சுத்திச் சுத்திப் போனா. என் கண்ணால பாத்தேன்," என்றது சக்கரத்தின்மேல் இருந்த எறும்பு.

"இல்லை, நேராத்தான் போனா. நாங்க எல்லாரும் பாத்தோம்," என்றது கீழே நின்ற கூட்டம்.

சொன்ன பிறகுதான், கண்மாயில் உட்கார்ந்திருந்த தாங்களும் அந்த எறும்பு போலத்தான் என்று அவர்களுக்கே உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உடும்பு மெல்ல எழுந்து, காற்றின் முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றது.

காற்று நத்தையிடம் வந்தது. "அக்கா, உன் பிள்ளை..."

"நீ வேணும்னு செய்யல," என்றாள் அவள். "யாருமே செய்யல." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பிறகு, "அடுத்த தடவ கண்மாயப் பாத்து வராத. அதுக்குக் கிழக்க பாத்துக் கெளம்பு. சரியா வந்து சேருவ," என்றாள்.

காற்று அப்படியே செய்தது. அடுத்த மேகம் வளைந்து வளைந்து வந்து கண்மாயின் நடுவில் நின்று பெய்தது. நண்டும் தவளையும் கூத்தாடின. ஆனால் எல்லை அளக்க நத்தையை யாரும் கூப்பிடவில்லை. சுருண்டுபோன ஓட்டை வைத்துக்கொண்டு அவளால் நேர்கோடு இழுக்க முடியாது. தரையில் ஈரத்தடம் மட்டும்தான் விழுந்தது, அதுவும் வெயில் பட்டால் காய்ந்துபோனது.

நேரான ஓட்டில் ஒளிய இடமில்லை. அழுதாலும் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சுருளில் ஆழம் இருந்தது. அவள் மெதுவாக உடம்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள், பிள்ளை செத்து இத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாக அழுதாள். ஆறுதல் சொல்ல உடும்பு வந்தது, செம்பாயி வந்தாள். அவள் வெளியே வரவில்லை. கடைசியில் காற்று வந்து, ஓட்டின் வாயில் ஈரமாகத் தடவியது. அப்போதுதான் தலையை நீட்டினாள்.

அன்று முதல்தான் நத்தைகள் சுருண்ட ஓட்டோடு பிறக்கின்றன. யார் தொட்டாலும் உள்ளே ஒடுங்கிக்கொள்கின்றன. மழைக்காற்று வந்தால் மட்டும், யாரும் கூப்பிடாமலே வெளியே வருகின்றன.