எலுமிச்சம்பழம் வைத்த இடம்

சீடர்கள் எல்லாம் மடத்தில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் தண்டையார்பேட்டை லாரி யார்டுப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

அந்த யார்டில் எல்லோரும் ‘வாத்தியார்’ என்று கூப்பிட்டது ரெஜினாவை. வயது முப்பத்து நான்கு. நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லரை மார்க்கெட் தெருவுக்குள் நுழைத்து, ஒரு கீரைக்கட்டு நசுங்காமல் வெளியே கொண்டுவருவாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்த துரைக்கண்ணுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லாரிக்குப் பேர்போன சங்ககிரிக்காரர். அந்த ஊரில் குழந்தை கிலுகிலுப்பையைப் பிடிப்பதற்கு முன்னால் ஸ்பேனரைப் பிடிக்கும் என்று கேலி பேசுவார்கள். கொல்கத்தா, கௌஹாத்தி, டெல்லி என்று இந்தியாவை ஸ்டீயரிங்கிலேயே அளந்தவர்.

சில வருடங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு முனையில் இடது பக்கம் திரும்பினார். ஒரு மீன்பாடி வண்டி, அதுதான் மூன்று சக்கரத்தில் பலகை வைத்த அந்தச் சைக்கிள் வண்டி, அவருடைய முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்திருந்தது. கண்ணாடியில் தெரியவில்லை. அதை மிதித்துவந்தவர் அங்கேயே இறந்துபோனார்.

துரைக்கண்ணு மேல் தப்பில்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. அவருடைய கைகள்தான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சாவியைத் தொட்டாலே நடுங்கின. அன்றிலிருந்து யார்டு கேட்டில் வாட்ச்மேன் வேலை. போகிற வருகிற வண்டிகளின் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓடத் தெரிந்த குதிரையை லாயத்தில் கட்டிப்போட்ட மாதிரி. பார்க்கப் பாவமாக இருக்கும்.

முதலாளிக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ரெஜினா கூட கொஞ்ச நாள் போய்ட்டு வாங்க. ஓட்டலாம்னு அவ சொன்னா வண்டி உங்களுக்கு. வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

இப்படித்தான் துரைக்கண்ணு இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தன்னைவிட இருபது வயது சிறிய ஒருத்தியின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் அவருடைய மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் நாள் காசிமேட்டுப் பக்கம் வண்டி மாட்டிக்கொண்டது. முன்னால் நடுரோட்டில் ஒரு மீன்பாடி வண்டி. செயின் கழன்றுவிட்டது. வண்டிக்காரர் குந்தி உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஷேர் ஆட்டோக்களும் பஸ்ஸும் காது கிழிய ஹாரன் அடித்தன.

ரெஜினா இன்ஜினை அணைத்தாள்.

"ஏனுங் அம்மிணி, அணைச்சுட்டீங்க?"

"இந்த இன்ஜின் முதுகுக்குப் பின்னால உறுமினா அந்தாளு கை பதறும்ணா. கை பதறினா செயின் மாட்டாது."

செயின் மாட்டியது. மீன்பாடி வண்டி நகர்ந்தது.

"எவ்ளோ பெரிய மீன் பாத்தியாண்ணா, பலகை மேல?"

துரைக்கண்ணு பார்க்கவில்லை. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். ரெஜினா அதைப் பார்த்தாள், இன்ஜினைக் கிளப்பிக் கியரைப் போட்டாள்.

அதன்பின் அவர் அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். ஆட்டோ குறுக்கே பாய்ந்தாலும் அவள் திட்டவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவே பிள்ளைகளாக இருக்கும்போது, அந்தப் பெரிய வண்டி ஆட்டுமந்தைக்குப் பின்னால் போகிற மேய்ப்பனைப்போல மெல்லப் போனது. இதற்கெல்லாம் ஏதோ ஒரு சூட்சுமம் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

சீக்கிரமே அதைக் கண்டுபிடித்தும் விட்டார்.

வண்டி எங்கே நின்றாலும், டீ குடிக்க நின்றாலும்கூட, மறுபடி ஏறுவதற்கு முன்னால் ரெஜினா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவசரப்படமாட்டாள். டயரைத் தொடுவாள். அங்கங்கே குனிவாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும்.

"வண்டியச் சுத்தறீங்களே, எத்தனை சுத்துங்க?"

"ஒண்ணு போதும்ணா."

"எந்தப் பக்கமிருந்துங்க?"

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா? சுத்துனா சரி."

துரைக்கண்ணு விட்டுவிடுகிற ஆள் இல்லை. குரு சொல்லாமல் மறைப்பதைச் சீடன்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஒரு சுற்றுக்கே இத்தனை பலன் என்றால் மூன்று சுற்றுக்கு எவ்வளவு இருக்கும்? அதுவும் கோயிலில் சுற்றுகிற மாதிரி முறையாக வலமாகச் சுற்றினால்?

அன்றிலிருந்து அவரும் சுற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கூப்பி, மூன்று சுற்று. யார்டுப் பையன்கள் சிரித்தார்கள். ஒருவன், "வாட்ச்மேன் தாத்தா, சுண்டல் எப்ப தருவீங்க?" என்று கேட்டான். அவர் கண்டுகொள்ளவில்லை. நாளாக நாளாகக் கை நடுக்கம் குறைந்த மாதிரிகூட அவருக்கு இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கொருக்குப்பேட்டையில் ஒரு கோடவுன் வாசலில் சரக்கை இறக்கி முடித்தார்கள். சரியான வெயில். தெரு முழுக்கத் தள்ளுவண்டிகள், சைக்கிள்கள், தண்ணீர்க் குடங்கள். நிழல் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு மரம் கிடையாது.

"அண்ணா, இங்கேர்ந்து யார்டு வரைக்கும் நீ எடு. நான் இடது சீட்டுல உக்கார்றேன்," என்றாள் ரெஜினா.

இதுதான் பரீட்சை என்று துரைக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது.

அவர் ஓடிப்போய்ப் பெட்டிக்கடையில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வாங்கிவந்தார். பம்பருக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். முன்சக்கரங்களுக்கு ஒவ்வொரு பழம், பின்சக்கரங்களுக்கு ஒவ்வொரு பழம். கண்ணை இறுக மூடிக் குந்தி உட்கார்ந்து, "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே கையால் தடவி டயருக்கு முன்னால் வைத்தார். பிறகு மூன்று சுற்று. அப்போதும் கண்ணைத் திறக்காமல், ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றினார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அது பயம்.

ஏறி சீட்டில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். சாவி இல்லை.

இடது பக்கம் திரும்பினார். ரெஜினாவும் இல்லை.

"அம்மிணி! சாவி எங்கீங்க?"

"எங்கிட்டதான் இருக்குண்ணா. வந்து வாங்கிக்கோ."

குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வலது கண்ணாடியில் பார்த்தார். இடது கண்ணாடியில் பார்த்தார். எதிலும் அவள் இல்லை. இறங்கினார். முன்னால் இல்லை. இடது பக்கம் இல்லை. பின்னாலும் இல்லை.

"எங்கீங்க இருக்கறீங்க?"

"இங்கதாண்ணா."

குனிந்து பார்த்தார்.

டிரெய்லருக்கு அடியில், பின்சக்கரங்களுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் ரெஜினா. பக்கத்தில் மூட்டை இறக்கிய ஆள் ஒருவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தார். தெருவில் நிழல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். அவருடைய கால்கள் டயருக்கு நேர் முன்னால் நீண்டிருந்தன.

குதிகாலுக்குப் பக்கத்தில், ஒரு சாண்கூட இல்லை, எலுமிச்சம்பழம் இருந்தது.

"இது நீ வெச்சதுதானேண்ணா?" என்று கேட்டாள்.

துரைக்கண்ணு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். தார் சுட்டது. அது அவருக்குத் தெரியவில்லை.

ரெஜினா தூங்கியவரின் தோளைத் தட்டினாள்.

"நைனா, வண்டி எடுக்கணும். எழுந்து அந்தாண்ட போய்ப் படு."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. காலடியில் கிடந்த பழத்தைப் பார்த்தார். "யாருதும்மா இது? நல்லா கீது. மோருக்குப் புழியலாம்," என்று மடியில் கட்டிக்கொண்டு போனார்.

துரைக்கண்ணு மெல்லத் தவழ்ந்து நிழலுக்குள் வந்தார். டிரெய்லருக்கு அடியிலேயே ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க சுத்தறதைப் பார்த்துத்தானுங்க நானும் சுத்தினேன். மூணு சுத்து. ஒரு நாள் தவறலீங்க."

"நான் மாதா கோயிலுக்குப் போறவண்ணா. லாரியப் போய் எதுக்குக் கும்பிடப் போறேன்?"

"உதடு அசையுமே? ஏதோ மந்திரம்னு..."

"சோம்பு மென்னுக்கினு இருந்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் துரைக்கண்ணு சிரித்திருப்பார். இப்போது அவருக்கு அழுகைதான் வந்தது. வயசை மறந்து, குழந்தை மாதிரி அழுதார்.

"கண்ணைத் தொறந்துட்டுச் சுத்தியிருக்கலாமேண்ணா."

"தொறக்க முடியலீங்க அம்மிணி. வண்டிகிட்ட வந்து கண்ணைத் தொறந்தா அவரு நிக்கறாரு. அந்த மீன்பாடி வண்டிக்காரரு. திட்டறதில்லை, ஒண்ணுஞ் சொல்றதில்லை. சும்மா நிக்கறாரு. அதானுங்க மூடிக்கறேன். காப்பாத்து முருகான்னு மூடிக்கறேன்."

ரெஜினா தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்தார். பாதி சட்டையில் சிந்தியது.

"முதலாளிகிட்டச் சொல்லிருங்க. எனக்கு இது ஆவாது. நான் கேட்லயே இருந்துக்கறேன்."

அவர் அடியிலிருந்து வெளியே வந்தார். அவளும் வந்தாள். தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. இத்தனை சனத்துக்கு நடுவால, உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"யாரு சொன்னா இல்லைன்னு? பயம் இல்லாமலா இறங்கி இறங்கிச் சுத்துறேன்?"

துரைக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு இப்பவும் நிக்கிறாராண்ணா?"

"நிக்கறாருங்க."

"எங்க?"

அவர் கண்ணை மூடாமல் கையை நீட்டிக் காட்டினார். இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், கதவுக்குக் கீழே.

ரெஜினா அந்த இடத்துக்கு நடந்துபோனாள். அங்கே நின்று நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு திரும்பிவந்து சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"அந்த இடத்துல யாரு நின்னாலும் எந்தக் கண்ணாடியும் காட்டாதுண்ணா. தினம் வண்டி எடுக்கறதுக்கு முன்னால அவரைப் போய்ப் பாரு. பக்கத்துல வேற யாராவது இருக்காங்களான்னு அவரையே கேட்டுட்டு வா."