மூணு மிதவையும் டெல்பினாவோட தம்பியும்

ஒரு கடக்கரை ஊர்ல ஒரு அக்காகாரி இருந்தா. பேரு டெல்பினா. கடலுக்கடியில என்னென்ன சத்தம் கேக்குதுன்னு பதிவு பண்றதுதான் அவ வேலை. சிரிக்காத, அப்படியும் ஒரு வேலை இருக்கு! நடுக்கடல்ல மூணு மஞ்ச மிதவை நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு மைக் தொங்கும். இவ படகுல போயி, மிதவையில ஒயரைச் செருகி, காதுல மாட்டிக் கேப்பா. ம் சொல்லு.

அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. ஒரே ஒரு தம்பி, சிலுவை. ஒருநா விடியக்காலம் மீனுக்குப் போனவன் பத்து மணியாகியும் திரும்பல. அப்போ பாத்து மழை பிடிச்சுது பாரு, சோ...ன்னு! எதுக்க இருக்கிற ஆளு தெரியல. 

அப்புறம் என்ன பண்ணா? படகோட்டி மிக்கேலண்ணனக் கூப்பிட்டா. "அண்ணே, கண்ணால தேட முடியாது, காதாலதான் தேடணும். எஞ்சின் கெட்டிருந்தா, நான் கேப்பேன்னு அவன் படகத் தட்டுவான்"ன்னா. நம்மாளுங்க மீன வலைக்கு விரட்ட, கட்டையால படகத் தட்டுவாங்கல்ல? டொக் டொக் டொக், ஒரு நிறுத்து. திரும்ப டொக் டொக் டொக். அது தண்ணிக்குள்ள ரொம்ப தூரம் போகும்.

முதல் மிதவைக்குப் போனாங்க. "அண்ணே, எஞ்சின நிறுத்துங்க, அது சத்தத்துல ஒண்ணும் கேக்காது"ன்னா. "நிறுத்துனா திரும்பப் பிடிக்காது தாயி, பழைய எஞ்சினு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே நிறுத்துனாரு, பயந்தாங்கொள்ளி. காதுல மாட்டுனா... படபட படபடன்னு எறா கொடுக்கச் சொடுக்குற சத்தம்தான். தம்பி இல்ல.

எஞ்சினு டர்ர்... புஸ். டர்ர்... புஸ். ஒருவழியாப் பிடிச்சுது. அப்புறம் ரெண்டாவது மிதவை. அங்க டுடுடுடுன்னு எங்கயோ போற கப்பல் சத்தம். அது அடங்கட்டும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அடங்குச்சு. ஒண்ணுமே இல்ல. அப்போதான் அழுதா.

தூங்கிட்டியா? ம் சொல்லு. ஆங்.

மூணாவது மிதவை பாறைத்திட்டுக்குக் கிட்டக்க. அல படகத் தூக்கித் தூக்கி அடிக்குது. "இங்க நிறுத்துனா நம்ம ரெண்டு பேரும் பாறையில சிதறிருவோம்"ன்னாரு மிக்கேலு. "எந்தம்பிண்ணே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அவரு நிறுத்திட்டாரு.

காதுல மாட்டுனா. டொக்.

மூச்சப் பிடிச்சுக்கிட்டா. டொக் டொக். நிறுத்து. டொக் டொக் டொக்! "பக்கத்துலதாண்ணே இருக்கான்!" ரெண்டு பேரும் தொண்ட கிழியக் கத்துனாங்க. மழைக்குள்ள இருந்து "அக்கா..."ன்னு சத்தம். அப்போ இவங்க படக அல பாறையப் பாத்து இழுத்துட்டுப் போகுது. டர்ர்... புஸ். டர்ர்... புஸ். மிக்கேலு எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கிட்டு இழுத்தாரு. டர்ர்ர்ர்ர்! பிடிச்சுக்கிச்சு.

சத்தம் வந்த பக்கம் போயி, சிலுவையத் தங்க படகுல தூக்கிப் போட்டாங்க. வெடவெடன்னு நடுங்குறான், கையெல்லாம் ரத்தம், கட்டையப் பிடிச்சு அடிச்சு அடிச்சு. டெல்பினாவுக்கு சந்தோஷம் ஒருபக்கம், ஆத்திரம் ஒருபக்கம். "ஏலே, கைக்கெட்டுற தூரத்துல எம்மிதவை நிக்குது. அதுல கயித்தப் போட்டு நிக்க வேண்டியதுதான? இப்படியா பாறைக்கு அடிச்சுட்டுப் போறது?"ன்னா.

அவன் பல்லு தாளம் போட்டுக்கிட்டே சொல்றான்: "நீதானக்கா சொன்ன. கட்டுனா கயிறு உரசுற சத்தம் விழுந்து பதிவு கெட்டுரும், எவன் கட்டுனாலும் கைய ஒடிப்பேன்னு."

அவ அத ஊருக்கெல்லாம்தான் சொல்லியிருந்தா. ஊருல ஒருத்தனும் கேக்கல, எல்லாவனும் கட்டிக்கிட்டுத்தான் இருந்தான். கேட்டவன் இந்த ஒருத்தன்தான்.

பளார்னு ஒண்ணு விட்டா. அப்புறம் அவனக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "கெட்டா கெட்டுட்டுப் போகுதுடா அந்தப் பதிவு"ன்னு ஓன்னு அழுதா.

கத கரைக்கு வந்துருச்சு. கண்ண மூடு.