பனியில் தெரிந்த துப்பாக்கி

மேகம் வந்து வாசற்படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகிற மலை அது. காலையில் எழுந்தால் எதிர்மரம் இருக்காது. கொஞ்சம் பொறுத்தால் மரம் வரும், பிறகு குளம் வரும். குளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு கடைசியாக வரும். விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்று அங்கே யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள்.

அந்த மலையில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் குரு கம்பளியம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எந்நேரமும் ஒரு கறுப்புக் கம்பளியைப் போர்த்தியிருந்ததால் ஊர் வைத்த பெயர் அது.

ஆசிரமத்துக்கு ஒரே ஒரு சட்டம். ஏறுபாதையின் திருப்பத்தில் ஒரு கல்தூண் உண்டு. அரிவாளானாலும் துப்பாக்கியானாலும் அந்தத் தூணில் மாட்டிவிட்டுத்தான் மேலே வர வேண்டும். தூணைத் தாண்டி வந்த ஆயுதம் பறிமுதல். கார்த்திகை தீபம் ஏற்றிய பிறகுதான் உடையவனுக்குத் திரும்பக் கிடைக்கும்.

வாசலைக் காத்தவர் நாச்சிமுத்து. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன துக்கத்தில் மலையேறியவர். வயதில் குருவுக்கே மூத்த சீடர். காக்கி போயும் மீசை போகவில்லை. அம்மா அவரை ‘ஏட்டையா’ என்றுதான் கூப்பிடுவார். தனக்கு எப்போது தீட்சை என்று அவர் கேட்கும்போதெல்லாம், “வாசலைப் பாருங்க ஏட்டையா” என்பார்.

பழைய கதை பேசுவதென்றால் நாச்சிமுத்துவுக்கு வெல்லம். தேர்தல் வந்துவிட்டால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? சைக்கிளை எடுத்துக்கொண்டு காடு மேடெல்லாம் போவாராம். குடியானவர்கள் பன்றி விரட்ட வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கி ஒன்றையும் விட மாட்டாராம். வாங்கி வந்து, பெயர் எழுதிய சீட்டுக் கட்டி, விறகு மாதிரி அடுக்குவாராம். பெரிய பங்களாக்களுக்கும் போவாராம். அங்கே காபி குடித்துவிட்டு வருவாராம்.

“அவங்க பாதுகாப்புக்கு வச்சிருக்காங்க, அது வேற” என்பார். இதைப் பெருமையாகத்தான் சொல்வார், பாவம்.

அப்போது ஐப்பசி. ஒருநாள் காலையில் பனியென்றால் அப்படியொரு பனி. கையை நீட்டினால் விரலைக் காணோம். வாசலில் நின்ற நாச்சிமுத்துவுக்குப் பனிக்குள் முதலில் ஒரு துப்பாக்கிக் குழாய் தெரிந்தது. அதற்கப்புறம்தான் அதைச் சுமந்து வந்த ஆள் தெரிந்தான். மலைச்சரிவில் சாமை போட்டிருக்கும் சீரங்கன்.

“நில்லுடா! தோள்ல என்ன?”

சீரங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் கையில் சாமைக் கதிர் ஒரு பிடி இருந்தது. அறுப்புக்கு முன்னால் முதல் கதிரை அம்மாவுக்குக் கொடுப்பது அந்த மலையின் வழக்கம்.

“ஐயோ சாமி, ராத்திரி பூராப் பரண்ல காவலுங்க. அப்படியே கதிரை அறுத்துக்கிட்டு வந்துட்டனுங்க. இது தோள்ல கிடக்கறதே மறந்து போச்சுங்க. தூண்ல மாட்டிட்டு ஓடியாந்தர்றனுங்க.”

“நீ மறந்தா சட்டமும் மறந்துருமா? கொண்டா இங்க.”

“உரிமம் இருக்குதுங்க.”

“உரிமம் சர்க்காருக்கு. இது அம்மா வாசல்.”

“பன்னி வந்துருமுங்க சாமி. சாமை முத்திச் சாஞ்சு நிக்குது. எங்களுக்கு வருசச் சோறே அதுதானுங்க.”

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்டா.”

துப்பாக்கிக்குச் சீட்டுக் கட்டி, அம்மாவின் அறையிலிருந்த மரப்பெட்டியில் வைத்தார் நாச்சிமுத்து. சீரங்கன் கதிரைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

“இந்தப் பனியிலயும் கண்டுபிடிச்சுட்டேன்மா” என்றார் நாச்சிமுத்து.

“நல்ல கண்ணு ஏட்டையா” என்றார் அம்மா.

அன்று ராத்திரி அவருக்குத் தூக்கத்தில் எங்கோ தகரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கனவு என்று புரண்டு படுத்தார்.

மறுநாள் உச்சிப்பொழுது. பனி விலகிப் பளீரென்று வெயில். பாதை முழுக்க வண்டிகள். சினிமா நடிகன் புயலரசன் வந்து இறங்கினான். அவன் முகம் தெரியாத குழந்தை அந்த மலையில் கிடையாது. இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி, அதன் வெள்ளிப் பிடி வெயிலில் கண்ணைப் பறித்தது. தூணை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து குடையோடு ஓடினார்.

“ஐயா வரணும், ஐயா வரணும்! என்ன பாக்கியம்!”

புயலரசன் குளக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டான். அப்போது கொக்கைப் பார்த்தான்.

“பொம்மையா?”

“உயிர்க் கொக்குங்கய்யா. அசையாது.”

“அசைய வைப்போமா?”

மலை ஒருதரம் அதிர்ந்து அடங்கியது. கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். நாச்சிமுத்துவின் கையும் தட்டியது. அம்மாவைப் பார்க்காமலே புயலரசன் வண்டியேறிப் போய்விட்டான்.

அறைக்குள் தியானத்தில் இருந்த அம்மா எழுந்து வந்தார்.

“என்ன சத்தம் ஏட்டையா?”

“பட்டாசுங்கம்மா. ரசிகருங்க வெடிச்சாங்க.”

“பட்டாசா.”

சாயங்காலம் அம்மா குளக்கரையில் வெகுநேரம் நின்றார்.

“கொக்கைக் காணோமே?”

“பறந்து போயிருக்குங்கம்மா.”

தண்ணீரில் ஒரு வெள்ளை இறகு மிதந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இரவு நாச்சிமுத்து சீக்கிரமே படுத்துவிட்டார். தூக்கத்தில் மறுபடி தகரச் சத்தம்.

விடிந்ததும் சீரங்கனின் மனைவி பாவாயி வந்தாள். மிதிபட்ட சாமைத் தாளை ஒரு கை அள்ளிவந்து படியில் போட்டாள்.

“சாமைக் கொல்லையில பாதி போச்சுங்க சாமி. ரெண்டு ராத்திரியா அம்மாவே வந்து எங்க கூட நின்னு தகரம் தட்டினாங்க. பன்னி காதுலயே வாங்கல. மீதிப் பாதியாவது எங்களுக்கு மிஞ்சட்டுமுங்க. துப்பாக்கியக் குடுங்க.”

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மாவா?”

“ஆமாங்க. பெட்டி உங்க ரூம்லதானேன்னு கேட்டேன். வாசல் ஏட்டையா பொறுப்புன்னுட்டாங்க.”

“கார்த்திகை கழியட்டும்மா. நான் என்ன பண்றது? சட்டம்.”

பாவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நேத்து வந்த பெரியவரு இடுப்புல இருந்துச்சே, அதுக்குச் சட்டம் இல்லீங்களா?”

“அது... அவரு பாதுகாப்புக்கு.”

“அவரைச் சுத்தித்தான் அத்தனை ஆளு நின்னாங்களே. எங்க சாமையைச் சுத்தி யாருங்க நிக்கறாங்க?”

அவள் போன பிறகும் அந்தத் தாள் படியிலேயே கிடந்தது. அதைத் தாண்டிப் போக நாச்சிமுத்துவுக்குக் கால் எழவில்லை. அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

“அம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான் ஏட்டையா.”

“நான் சட்டப்படிதானே செஞ்சேன்? அப்புறம் ஏன்மா உறுத்துது?”

“எங்க உறுத்துது?”

“தெரியலம்மா. கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கு. எடுக்கவும் வரல, இருக்கவும் விடல.”

அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில வாசல்ல நில்லுங்க. யார் வந்தாலும் சட்டப்படி பாருங்க.”

“உத்தரவும்மா.”

அன்று தூக்கத்தில் தகரச் சத்தம் கேட்கவில்லை. தூரத்தில் ஒரே ஒரு வெடிச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ கல்யாணம் போலிருக்கிறது, பட்டாசு என்று நினைத்துக்கொண்டே நாச்சிமுத்து இன்னும் ஆழமாகத் தூங்கிப் போனார்.

காலையில் குளித்து, திருநீறு பூசி, மீசையை நீவிவிட்டு வாசலில் நின்றார். இன்று ஒரு ஈ, எறும்பு தப்பக் கூடாது என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டார். பனி லேசாகப் படர்ந்திருந்தது. மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. தூணின் பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது. நாச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. அம்மாவின் முகம்.

அவர் உருகிப் போனார். விடிகாலையில் முதல் முகமாக அந்த முகம்! ஓடிப் போய்ப் பாதையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, அம்மா கையிலிருந்த லாந்தரை வாங்கிக்கொண்டார். வாசற்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அம்மா உள்ளே வந்தார். முற்றத்தில் நின்று திரும்பினார்.

“சீரங்கன் கொல்லைக்குப் போயிருந்தேன் ஏட்டையா. பன்னி ஓடிப் போச்சு. மீதிப் பாதி தப்பிச்சுது.”

“அப்பாடா! நல்லா இருப்பீங்கம்மா. எப்படி ஓடிச்சு?”

“ஒரு வேட்டு. சீரங்கன் வானத்தைப் பார்த்துச் சுட்டான். இதாலதான்.”

அம்மா தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் நாச்சிமுத்து பார்த்தார். கறுப்புக் கம்பளியின் மேல் சீரங்கனின் துப்பாக்கி. ஆள் உயரத்துக்குக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தன் கையால் அவர் கட்டிய சீட்டு அதில் ஆடிக்கொண்டிருந்தது. வெடிமருந்து வாடை இன்னும் போகவில்லை.

அவர் லாந்தரைத் தரையில் வைத்தார்.

“தூணைத் தாண்டி வந்துட்டேன்” என்றார் அம்மா. “உங்க கண்ணு முன்னாடி அதோட நின்னேன். நீங்க கதவைத் திறந்து விட்டீங்க.”

“பனிம்மா...” என்றார் நாச்சிமுத்து. “பனியில தெரியலம்மா.”

அம்மா துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி அவர் கையில் கொடுத்தார்.

“சீரங்கன் வந்த அன்னைக்கு இதைவிடக் கெட்டிப் பனியாச்சே, ஏட்டையா.”