ஓலை நிறுத்த மன்னர்

முன்னொரு காலத்தில், கண்ணுங்களா, ஓலைக்கட்டை நிறுத்துப் பார்த்துச் செல்வத்தை அளந்த ராஜா ஒருவர் இருந்தார். அவர் நாட்டுக்கும் ஆற்றுக்கு அக்கரை நாட்டுக்கும் ஓயாத போட்டி. பிறநாட்டு வணிகர்களோடு எழுதிக்கொண்ட ஓலைப் பத்திரங்களையெல்லாம் ஆண்டுக்கொருமுறை, தை மாதத்தில், இரு நாட்டாரும் கொண்டுவந்து ஆற்று மணல்திட்டில் தராசில் வைப்பார்கள். யார் தட்டு தாழ்கிறதோ அவரே பெரிய செல்வர். ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

பத்து வருஷத்துக்கு முன் அக்கரைக் கட்டுதான் கனம். பிறகு அது ஆண்டுக்காண்டு இளைத்தது, நம் ராஜாவின் கட்டு பருத்தது. இந்த வருஷம் நம் தட்டு தொப்பென்று தரையில் இடித்தது. பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர், வழக்கம்போல ஒரு முத்துமாலையைப் பரிசாக வாங்கிக்கொண்டார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “வெற்றிக் கோபுரம் எழுப்புங்கள்! செலவுக்கு நெசவாளர் வீட்டுக்கொரு தறியைப் பறித்து விற்றுவிடுங்கள்!” என்றார்.

அரண்மனை விகடன் சாத்தப்பனுக்கு நெசவாளர் தெருவில் ஓர் அக்காள், வள்ளிக்கண்ணு. அன்று அவன் போனபோது அவள் தறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம்டா. தறி போயிட்டா நான் எதை நெய்யறது, என் தலைமுடியையா? நீதான் ராஜாவைச் சிரிக்க வைக்கறவனாச்சே, போய்ச் சிரிக்க வையேன்!”

‘கட்டு நிறையச் செல்வம் இருந்தால் ஏழையின் தறியை ஏன் விற்கவேண்டும்?’ என்று சாத்தப்பனுக்குச் சந்தேகம் தட்டியது. நேரே சபைக்குப் போனான். அக்கரைத் தூதர் விருந்துக்கு வந்து அமர்ந்திருந்தார். “அரசே, அக்கரையைவிட நாம் ஏழை” என்றான்.

சபை கொதித்தது. திருமேனிநாதர் பல்லைக் கடித்தார். “பிரபு, பொழுது சாய்வதற்குள் இவன் இதை மெய்ப்பிக்கட்டும். இல்லையேல் நாட்டைவிட்டு ஓடட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் ராஜா.

“ஓலைகள் அத்தனையும் தங்கள் செல்வந்தானே, அரசே?”

“அதில் என்ன ஐயம்?”

“அப்படியானால் எழுதியபடி ஒவ்வொன்றாக நிறைவேற்ற உத்தரவு தாருங்கள்.”

“தந்தேன். ஓர் எழுத்தும் பிசகக் கூடாது!”

சபை நடுவே வைத்திருந்த ஓலைக்கட்டிலிருந்து சாத்தப்பன் முதல் ஓலையை உருவினான். “‘சிங்காதனம். கப்பல் வணிகரிடம் அடமானம். கடன் தீரும்வரை அவரிடமே இருக்கும்.’ எழுந்திருங்கள், அரசே.” காவலர் சிங்காதனத்தை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த ஓலைக்குப் பட்டத்து யானை போயிற்று. அதற்கடுத்த ஓலைக்குக் கிரீடம். வெண்கொற்றக் குடை, வெள்ளிப் பல்லக்கு, கடைசியில் காலடிக் கம்பளம் வரை எல்லாம் போயின. நூறு ஓலை படித்ததில் நமக்கு வரவேண்டியதாக ஏழுதான் தேறின. மற்றதெல்லாம் நாம் கொடுக்கவேண்டியது! ராஜா வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“தூதரே, உங்கள் கட்டு ஏன் இளைத்தது?” என்று கேட்டான் சாத்தப்பன்.

“ஆண்டுதோறும் கடனை அடைத்தோம், அடைத்த ஓலையைக் கிழித்தோம். இப்போது மிஞ்சியிருப்பவை பிறர் எங்களுக்குத் தரவேண்டியவை மட்டும்” என்றார் தூதர். தயங்கிவிட்டு, “அவற்றில் நான்கு தாங்கள் எங்களுக்குத் தரவேண்டியவை, மன்னா” என்றும் சொன்னார்.

“இது ராஜத் துரோகம்!” என்று கத்தினார் திருமேனிநாதர்.

“எது துரோகம், ஐயா?” சாத்தப்பன் அவர் பக்கம் திரும்பினான். “பத்து வருஷம் கடனைத் தராசில் போட்டுச் செல்வம் என்றீர். கனம் கூடக் கூட மாலை வாங்கினீர். அந்தக் கடனைப் பெருமைப்படுத்தக் கோபுரமாம், அதற்கு ஏழையின் தறியாம்! நாட்டில் யாருக்கும் கடன்படாமல் நிற்பது அந்தத் தறி ஒன்றுதான். அதையும் பிடுங்குவீரோ?”

ராஜா தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார். சுற்றிலும் இருந்த வெறுந்தரையைப் பார்த்தார். அப்புறம் குபீரென்று சிரித்துவிட்டார்.

“கோபுரம் வேண்டாம். தறியை எவனும் தொடக் கூடாது. திருமேனிநாதரே, பத்து மாலைகளையும் கழற்றும். கடனடைப்பு அதிலிருந்தே தொடங்கட்டும்!”

பிறகு தன் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சாத்தப்பனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. குனிந்து அதை இப்படியும் அப்படியும் பார்த்தான்.

“அரசே, இதற்கும் ஏதாவது ஓலை உண்டா?”

வாசலில் நின்ற யானையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாராம் ராஜா, கண்ணுங்களா. “இல்லையடா, இது என் அம்மா போட்டது. தைரியமாகப் போட்டுக்கொள்!”